எலுமிச்சை அளவு புளி: 'சமைத்துப் பார்' கடல் தாண்டியபோது

வெளிநாட்டுக்குக் குடித்தனம் போகிற பெண்ணின் பெட்டியில் பொடி டப்பா, ஊறுகாய் பாட்டிலோடு ஒரு புத்தகமும் போகும் என்றால், பல குடும்பங்களில் அது எஸ். மீனாட்சி அம்மாள் எழுதிய 'சமைத்துப் பார்'. முதல் பாகம் வந்தது 1951-இல். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர், கைப்பக்குவத்துக்குப் பேர்போனவர். சொந்தக்காரர்கள் செய்முறை கேட்டு நச்சரிக்க, புத்தகமாகவே எழுதச் சொல்லித் தூண்டியவர் உறவினரான வழக்கறிஞர் கே.வி. கிருஷ்ணசுவாமி ஐயர். பிறகு 'குக் அண்ட் சீ' என்று ஆங்கிலத்திலும் வந்தது. பேத்தி பிரியா ராம்குமார் அதிலிருந்து தேர்ந்தெடுத்துக் காலத்துக்கு ஏற்ப மாற்றிய பதிப்பைப் பெங்குயின் 2001-இல் வெளியிட்டது.

70 வருஷம் தாண்டியும் ஒரு சமையல் புத்தகம் விற்கிறது என்றால் அதில் சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். அதைப் பாராட்டி நிறைய பேர் எழுதிவிட்டார்கள். நான் கேட்க நினைப்பது வேறு. பக்கத்தில் அம்மா இல்லாத, அண்ணாச்சி கடை இல்லாத ஊரில் இந்தப் புத்தகம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? அப்புறம், அது யாருடைய சமையலைத் தூக்கிக்கொண்டு போனது?

அளவு என்பது

நம்ம வீடுகளில் "எலுமிச்சம்பழ அளவு புளி", "நெல்லிக்காய் அளவு வெல்லம்", "சுண்டைக்காய் அளவு பெருங்காயம்" என்பார்கள். கேட்பவருக்கு ஏதோ குத்துமதிப்பு மாதிரித் தெரியும். உண்மையில் இவை நல்ல அலகுகள். எங்க வீட்டில் அம்மா எடுத்து வைக்கிற புளியைச் சின்னத் தராசில் நிறுத்துப் பார்த்திருக்கிறேன். தடவைக்குத் தடவை ஒன்றிரண்டு கிராம்தான் மாறுகிறது. எல்லார் வீட்டிலும் இருக்கிற ஒரு பொருளையே படிக்கல்லாக வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

சிக்கல் வருவது கடல் தாண்டிய பிறகு. நம்ம ஊர் எலுமிச்சை உள்ளங்கையில் அடங்கும் உருண்டை. அமெரிக்கக் கடையில் 'லெமன்' என்று விற்பது அதைவிட ரொம்பப் பெரிசு. அந்த அளவுக்குப் புளி போட்டால் குழம்பு வாயில் வைக்க முடியாது. புத்தகத்தில் எழுத்துப் பிழை கிடையாது, படித்தவரும் தப்பாகப் படிக்கவில்லை. சொல் அதேதான், ஆனால் அது சுட்டுகிற பொருள் மாறிப்போச்சு. மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிய நோய். "என் கணினியில ஓடுதே" என்போம். ஓடும்தான், அந்தக் கணினியில்.

மீனாட்சி அம்மாளின் பெரிய சாதனை இந்த இடத்தில்தான். செய்முறை என்றாலே "தேவையான அளவு" என்று தப்பித்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் அளந்து எழுதினார். ஆனால் அவர் கையிலிருந்தது அன்றைய அலகு: ஆழாக்கு, பலம், வீசை. எட்டு ஆழாக்கு ஒரு படி, 40 பலம் ஒரு வீசை. படியோ ஊருக்கு ஊர் மாறும். எடை அளவைச் சட்டம் 1956-இல் வந்து, அடுத்த சில வருஷங்களில் கிலோவும் லிட்டரும் நாடு முழுக்கப் பரவின. புத்தகம் வந்து பத்தே வருஷத்தில் அதன் அலகுகள் கடைத்தெருவில் செல்லாக்காசு ஆகிவிட்டன. பழைய அளவுகளை இன்றைய அளவுக்குக் கொண்டுவந்த பேத்தியின் வேலையைச் சும்மா மறுபதிப்பு வேலை என்று நினைக்கக் கூடாது. புத்தகத்துக்கு இன்னொரு ஆயுள் கொடுத்ததே அதுதான்.

எழுதாமல் விட்டது

அளவைச் சொல்லிவிட்டால் போதுமா? இட்லி மாவை எடுத்துக்கொள்வோம். அரிசி இவ்வளவு, உளுந்து இவ்வளவு, அரைத்து இரவு முழுக்க வைக்கவும். வாடிப்பட்டியில் இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். லியூகோனோஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் உளுந்திலேயே இருக்கின்றன. 30 டிகிரி வெக்கையில் ராத்திரியோடு ராத்திரியாக மாவு பொங்கி மூடியைத் தள்ளும். அதே மாவை ஜனவரி மாசம் டொரன்டோவில் வைத்தால் காலையில் போட்டது போட்டபடி கிடக்கும். அங்கே இருப்பவர்கள் அவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வைக்கிறார்கள். எந்தப் பழைய புத்தகத்திலும் இல்லாத இந்த உத்தி வாய்வழியாகப் பரவியது. "இரவு முழுக்க" என்பதற்குள் ஒரு வெப்பநிலை ஒளிந்திருக்கிறது, ஊரை விட்டுப் போகிற வரை அது கண்ணுக்குத் தெரியாது.

ஈயச்சொம்பு ரசமும் அப்படித்தான். ஈயம் என்று நாம் சொல்வது வெள்ளீயம், 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே தண்ணி இருக்கிற வரை ஒன்றும் ஆகாது. காலிச் சொம்பை அடுப்பில் வைத்தால் போச்சு. ஊரில் பாட்டி பார்த்துக்கொண்டே நிற்பார், சத்தம் போடுவார். செய்முறை அந்தச் சத்தத்தை எழுதி வைப்பதில்லை.

1951-இல் சென்னையில் உட்கார்ந்து எழுதியவரிடம் டொரன்டோ குளிரைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று கேட்பது அநியாயம். ஆனால் இன்றைக்கு எழுதுகிறவர்களிடம் கேட்கலாம். இன்று எழுதப்படும் செய்முறை நல்லதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை மூன்று. அளவு இருக்கா? பக்குவம் வந்ததற்கு அடையாளம் (நிறம், வாசம், சத்தம்) சொல்லியிருக்கா? எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று இருக்கா? நாம் படிப்பவற்றில் பெரும்பாலானவை முதல் இரண்டில் தேறிவிடும், மூன்றாவதில் கோட்டை விட்டுவிடும்.

மாற்றலாமா கூடாதா

இந்த மூன்றாவது கேள்விக்கு ஈக்வடாரில் ஒரு நல்ல உதாரணம் கிடைக்கிறது. 1999 வங்கி நெருக்கடிக்குப் பிறகு அந்தச் சின்ன நாட்டிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் ஸ்பெயின், இத்தாலி, அமெரிக்கா என்று கிளம்பினார்கள். அவர்கள் ஊரில் ஈஸ்டருக்கு முந்தின வாரம் 'ஃபனெஸ்கா' என்று கெட்டியான ஒரு சூப் வைப்பார்கள். உப்புப் போட்டுக் காய வைத்த காட் மீன், பூசணி, பால், பிறகு பன்னிரண்டு வகைத் தானியமும் பயறும். பன்னிரண்டு என்பது இயேசுவின் சீடர் கணக்கு என்பார்கள். நம்ம திருவாதிரைக்கு ஏழுகறிக் கூட்டு வைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். எண்ணிக்கைதான் அதன் எலும்புக்கூடு. பச்சைப் பயறு கிடைக்காத ஊரில் உறையவைத்ததைப் போட்டாலும் அது ஃபனெஸ்காதான்.

இப்போ எங்க பக்கத்து அயிரை மீன் குழம்புக்கு வருவோம். கண்மாயிலும் வாய்க்காலிலும் கிடைக்கிற விரல் நீள மீன். உயிரோடு வாங்கி, பாலில் விட்டு மண்ணைக் கக்க வைத்து, சட்டியில் உப்புப் போட்டு உரசிக் கழுவி, தலையோடு முழுசாகக் குழம்பில் விடுவார்கள். இதில் எது எலும்புக்கூடு? மீன்தான். நியூஜெர்சியில் அயிரைக்கு வழியில்லை. நெத்திலியைப் போட்டு வைக்கலாம், ருசியாகவும் இருக்கும். ஆனால் அதற்கு "அயிரைக் குழம்பு" என்று பேர் வைத்து எழுதுகிறவர் படிக்கிறவரை ஏமாற்றுகிறார். "அயிரைப் பக்குவத்தில் நெத்திலி" என்று எழுதினால் நேர்மை. என்ன இழந்தோம் என்பதும் செய்முறையில் ஒரு வரியாக இருக்கணும்.

இதைச் சொன்னதும் "பாரம்பரியம் மாறவே கூடாது" கட்சி என்று என்னை நினைக்க வேண்டாம். மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தவை. தக்காளியின் காட்டுச் சொந்தம் இன்றும் ஈக்வடார், பெரு கரையோரம் முளைக்கிறது. தக்காளி ரசத்தைப் 'பாட்டன் பூட்டன் காலத்து' என்கிறோம், ஆனால் அதுவும் ஒரு காலத்தில் மாற்றுச் சரக்குதான்.

யாருடைய தமிழ்ச் சமையல்?

என் முக்கியமான குறை இதுதான். பெங்குயின் பதிப்பின் துணைத்தலைப்பு, தமிழர் உணவுக்கான செவ்வியல் வழிகாட்டி என்ற பொருளில் இருக்கிறது. உள்ளே இருப்பது சென்னையில் வாழ்ந்த ஒரு பிராமணக் குடும்பத்தின் சைவச் சமையல். அதை மீனாட்சி அம்மாள் எழுதியதில் குற்றமே இல்லை. தனக்குத் தெரிந்ததைச் சுத்தமாக எழுதினார். அவர் தலைப்பு 'சமைத்துப் பார்' என்பது மட்டும்தான், தமிழர் எல்லாருக்கும் பேசுவதாக அதில் இல்லை. மற்றதெல்லாம் பிறகு ஒட்டிய முத்திரை.

முதலில் புத்தகம் எழுதியவர் வீட்டுச் சாப்பாடு, வெளியூர்க்காரருக்கு அந்த மொழிக்காரர் எல்லாருடைய சாப்பாடாகத் தெரிகிறது. அர்ஜுன் அப்பாதுரை 1988-இல் எழுதிய கட்டுரையில், நகரத்து நடுத்தர வர்க்கப் பெண்கள் எழுதிய ஆங்கிலச் சமையல் புத்தகங்கள் எப்படி 'இந்தியச் சமையல்' என்ற ஒன்றை உருவாக்கின என்று காட்டினார். மாநில அளவிலும் அதே கதைதான். கேப்பைக்களி, கம்பங்கூழ், கருவாட்டுக் குழம்பு, குடல் குழம்பு, ரத்தப் பொரியல் எல்லாம் புத்தகத்துக்கு வெளியே நின்றன. அதனால் அவை 'வட்டாரச் சமையல்' ஆச்சு, சாம்பார் மட்டும் 'தமிழ்ச் சமையல்' ஆச்சு.

வேறு மாதிரி செய்தவர்களும் இருக்கிறார்கள். 2003-இல் ஓரியன்ட் லாங்மன் வெளியிட்ட யாழ்ப்பாணத் தமிழர் சமையல் நூல் ஒடியல் கூழையும் குரக்கன் புட்டையும் துணைத்தலைப்பிலேயே வைத்தது. இன்ன ஊர்ச் சமையல் என்று பேரும் சொல்லிவிட்டது. மராத்தியில் ஷாகு படோளே எழுதிய தலித் சமையல் நூல், 2024-இல் ஆங்கிலத்தில் வந்தபோது 'மராத்வாடாவின் தலித் அடுக்களைகள்' என்ற பொருளில் தலைப்பு வைத்தது. யார் வீட்டு அடுப்பு என்று அட்டையிலேயே சொல்கிற தைரியம் இது.

"அதான் யூடியூப் வந்தாச்சே, எல்லாச் சாப்பாடும் அதில் இருக்கே" என்பீர்கள். புதுக்கோட்டைப் பக்கத்து வில்லேஜ் குக்கிங் சேனல் 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. கறியையும் குடலையும் கூச்சமில்லாமல் உலகத்துக்குக் காட்டியது, அது பெரிய விஷயம். ஆனால் ஊருக்கே வடிக்கிற அண்டாவைப் பார்த்து இரண்டு பேருக்குக் குழம்பு வைக்க முடியாது. ஊர் ஏக்கத்துக்கு அது மருந்து. அடுப்படியில் நிற்கிறவருக்கு அளவு வேணும்.

வாடிப்பட்டி தாலுகாவிலேயே சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இலைக்குப் பதிவு இருக்கிறது. அந்த வெற்றிலையைக் கிள்ளுகிற அம்மாக்கள் வைக்கிற குழம்புக்கு ஒரு பக்கம்கூட எழுத்தில் இல்லை. அவர்களுக்கு வயசு எழுபதைத் தாண்டுகிறது. பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் டல்லாஸிலும் இருந்துகொண்டு, வீடியோ அழைப்பில் "எவ்வளவும்மா போடணும்?" என்று கேட்கிறார்கள். "கண்ணளவு போடு" என்று பதில் வருகிறது.

அந்தக் கண்ணளவைத் தராசில் ஏற்றுவதுதான் இனி ஆக வேண்டிய வேலை. சாமான் பெரிசாக ஒன்றும் வேண்டாம். ஒரு கிராம் காட்டும் தராசு, ஒரு வெப்பமானி, ஒரு நோட்டு போதும். அடுத்த முறை ஊருக்கு வரும்போது அம்மாவோ அத்தையோ சமைக்கையில் பக்கத்தில் நின்று, போடுகிற ஒவ்வொன்றையும் போடுவதற்கு முன் நிறுத்து எழுதுங்கள். ஒரே குழம்பை மூன்று தடவை எழுதினால் எது மாறுகிறது, எது மாறவே இல்லை என்று தெரிந்துவிடும். மாறாததற்குக் கீழே கோடு போடுங்கள். தலைப்பில் ஊர்ப் பேரும் வீட்டுப் பேரும் இருக்கட்டும், "தமிழ்ச் சமையல்" என்று மட்டும் போடாதீர்கள். எங்க வீட்டுக் கருவாட்டுக் குழம்புக்கு இரண்டு தடவை எழுதியாச்சு, மூன்றாவது முடிந்ததும் அளவுகளை இங்கே போடுகிறேன்.