கைபேசி இல்லாதவளையும் காணும் அலை

ஆறாம் தலைமுறை அலைபேசித் தொழில்நுட்பம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் அரசுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2023 மார்ச்சில் இந்தியா வெளியிட்ட ‘பாரத் 6ஜி’ தொலைநோக்கு ஆவணம் குறைந்த செலவையும் எங்கும் பரவுவதையும் முன்னிறுத்துகிறது. 2024 பிப்ரவரியில் அமெரிக்கா, ஜப்பான், பின்லாந்து உள்ளிட்ட 10 நாடுகள் விடுத்த கூட்டறிக்கைக்கோ தேசப் பாதுகாப்புதான் முதல் கவலை.

இரண்டு கனவுகளுக்கும் பொதுவான சட்டகத்தைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2023 நவம்பரில் வகுத்தது. அது சொல்லும் 6 பயன்பாடுகளில் ஒன்று, செய்தி சுமக்கும் அலையையே உணர்கருவியாகவும் ஆக்குவது. அலை நம் உடலில் பட்டுத் திரும்பும். அதில் ஏற்படும் மாற்றத்தை வைத்து ஒருவர் நடக்கிறாரா, விழுந்துவிட்டாரா என்று கணிக்கலாம். கேமரா தேவையில்லை, அவர் கையில் கைபேசியும் தேவையில்லை.

தனியே இருக்கும் முதியவர் விழுந்தால் உடனே தெரியவரும் என்பது நல்ல பயன்தான். வீட்டில் முதியோரைக் கவனிக்கும் வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுவதால், இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தாமே பயன்படுத்தும் கைபேசி உள்ள இந்தியப் பெண்கள் சுமார் 54 சதவீதம்தான். மற்றவர்களுக்கு இந்த வலையமைப்பு பேசும் வசதியைத் தரும் முன்பே அவர்கள் நடமாட்டத்தைப் படித்துவிடக்கூடும்.

அந்தரங்கம் பற்றி இந்த அரசுகள் பேசாமல் இல்லை. ஆனால் அவை அஞ்சும் ஊடுருவல்காரர் வெளியிலிருந்து வருபவர். மனைவி எத்தனை மணிக்கு வெளியே போனாள், அறையில் யாரோடு இருந்தாள் என்று வேவு பார்க்கும் கணவர் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். பெரும்பாலும் இணைப்பும் அவர் பெயரில்தான் இருக்கும். ‘சம்மதிக்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்துபவரும் அவரே. இன்று கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு அவள் வெளியே போகலாம். உடலை எங்கே வைத்துவிட்டுப் போவாள்?

2030-ஐ ஒட்டி வரவிருக்கும் இந்தத் தொழில்நுட்பத்தின் தரநிலைகள் இப்போதுதான் எழுதப்படுகின்றன. சந்தாதாரர் சம்மதித்தால் போதும் என்று அவை முடிந்துவிடக் கூடாது. இணைப்பு யார் பெயரில் இருந்தாலும், அந்தக் கூரையின் கீழ் வாழும் ஒவ்வொருவருக்கும் தன்னை உணரவிடாமல் மறுக்கும் உரிமை வேண்டும். பொறியியல் படிக்கும் பெண்கள் தங்கள் வகுப்பறையில் முதலில் எழுப்ப வேண்டிய கேள்வி இது.