எலும்பும் புள்ளியும்

தொல்கடல் ஊர்வனவற்றை வரைகிறவன் கலைஞனா, உரையாசிரியனா? கிடைத்தது எலும்பு, தோலும் கண்ணும் சீற்றமும் அவன் எழுதிய உரை. எனில் உரையாசிரியனை அளக்கும் கோலாலேயே அவனையும் அளக்க வேண்டும்.

1830-ல் ஹென்றி டி லா பெஷ் வரைந்த ‘டூரியா ஆன்டிகியோர்’ இந்த மரபைத் தொடங்கி வைத்தது. இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் மேரி ஆனிங் தோண்டியெடுத்த எலும்புகளே அதற்கு ஆதாரம். இக்தியோசாரஸ் பிளீசியோசாரஸின் கழுத்தைக் கவ்வுகிறது. விலங்குகள் மலம் கழிக்கின்றன. முகம் சுளிக்க வேண்டாம். கல்லாகிப்போன மலமும் அங்கே கிடைத்திருந்தது.

1854-ல் லண்டன் சிடன்ஹாமில் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் வடித்த இக்தியோசாரஸுக்கு, கண்ணுக்குள் மறைந்திருக்க வேண்டிய எலும்பு வளையம் வெளியே இதழ்விரித்துத் தெரிகிறது. முதுகில் துடுப்பில்லை. தோலின் வடிவம் பதிந்த ஜெர்மானியப் படிவங்கள் 1890-களில் அறியப்பட்ட பிறகே அத்துடுப்பு நிச்சயமாயிற்று. ஹாக்கின்ஸ் தவறினார், ஆனால் அத்தவறு எந்த எலும்பிலிருந்து வந்தது என்று சுட்டிக்காட்ட முடியும். நான் மதிக்கும் தவறு இது.

நம் பக்கம்? திண்டுக்கல் மலை உருமாறிய தொல்பாறை. அதில் எலும்பு தேடிப் பயனில்லை. கடல் படிந்த மண்ணுக்குத் திருச்சியைத் தாண்டி வடக்கே ஊட்டத்தூர், காரை என்று போக வேண்டும். சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அது கடலடி. அங்கே கிடைத்த முதுகெலும்புகளுக்கு லிடெக்கர் 1879-ல் ‘இக்தியோசாரஸ் இண்டிகஸ்’ என்று பெயரிட்டார். பின்னால் கிடைத்தவையும் துண்டுகளே. பெயர் உண்டு, முகம் இல்லை. முகம் வரைந்தால் அது லைம் ரீஜிஸின் முகம். ரசீது இல்லாமல் எழுதிய பற்று.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் மண்ணிலிருந்து உருண்டைக் கற்கள் வெளிப்பட்டபோது, டைனோசர் முட்டைகள் என்று பேச்சு பரவியது. கடற்படிவில் திரண்ட உருண்டைகள் என்றார்கள் நிபுணர்கள். கல் கடலைச் சொல்லிக்கொண்டிருந்தது. பார்த்த கண்களோ எங்கிருந்தோ வந்த படங்களால் நிறைந்திருந்தன.

கற்பனையே கூடாது என்பதல்ல என் கட்சி. நம் சிற்பி மகரத்துக்கு முதலை வாயும் மீன் உடலும் தருகிறான். ‘இது இருந்தது’ என்று அவன் சாதிப்பதில்லை. அவனுக்குச் சுதந்திரம் உண்டு. தொல்லுயிர் ஓவியன் சாதிக்கிறான். சாதிக்கிறவனுக்குப் பொறுப்பு உண்டு.

1894-ல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சா., சிதைந்த அடிகளைத் தாமே பாடி நிரப்பவில்லை, புள்ளியிட்டார். நிரப்பும் புலமை அவருக்கு இல்லாமலா? காரையின் விலங்குக்கும் அப்படியொரு படம் தேவை: கிடைத்த முதுகெலும்பு அழுத்தமான கோட்டில், மற்றதெல்லாம் புள்ளிக்கோட்டில். அதற்குக் கண் வரைய வேண்டியதில்லை.