குண்டு பட்ட பிறகு

1916 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரங்குகளுக்கு வந்த 'தி பேட்டில் ஆஃப் தி சோம்' ஆவணப்படத்தில், பதுங்குகுழியிலிருந்து மேலேறும் வீரர்கள் சிலர் அங்கேயே சரிந்து விழுகிறார்கள். அந்தக் காட்சி போர்முனைக்குப் பின்னால் நடிக்கவைத்து எடுக்கப்பட்டது. அதே படத்தில், காயப்பட்டவனை முதுகில் சுமந்து குழிவழியே ஒருவர் நடக்கிறார்; அரை மணி நேரத்தில் அவன் இறந்துபோனான் என்கிறது எழுத்து அட்டை. அது நிஜம். விழும் கணத்தை நடித்துவிடலாம். அதற்குப் பிறகு அந்த உடலுக்கு என்ன ஆகிறது என்று பார்க்கத்தான் ஒரு படத்துக்குத் துணிவு வேண்டும்.

லூயிஸ் மைல்ஸ்டோனின் 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரன்ட்' (1930) குண்டுவீச்சுக்குப் பின் முள்கம்பியைப் பற்றியபடி எஞ்சிய இரண்டு கைகளைக் காட்டியது. பெர்லினில் நாஜிகள் கலாட்டா செய்து, அவ்வாண்டே படத்துக்குத் தடை வாங்கினார்கள். 1934 முதல் ஹாலிவுட்டில் தணிக்கை விதிகள் இறுகின. வீரர்கள் ரத்தமில்லாமல் செத்தார்கள்.

'சேவிங் பிரைவேட் ரயன்' (1998) இதையெல்லாம் புரட்டிப்போட்டது. இரண்டாம் உலகப் போரின் ஒமாகா தரையிறக்கத்தை ஸ்பீல்பெர்க் அயர்லாந்தின் வெக்ஸ்போர்டு கடற்கரையில் எடுத்தார். வழக்கமாக 180 டிகிரி திறக்கும் ஷட்டரை ஒளிப்பதிவாளர் யானுஸ் கமின்ஸ்கி 90, 45 டிகிரிக்குக் குறைத்தார். அதனால் அசைவின் மங்கல் போய், தெறிக்கும் மண் துகள் துகளாகத் தெரிகிறது. ஓடுபவன் வெட்டி வெட்டி ஓடுகிறான். லென்ஸ் பூச்சைச் சுரண்டியெடுத்தார்கள், நிறத்தை வெளிறவைத்தார்கள். கை கால் இழந்தவர்களையே சில வேடங்களில் நடிக்கவைத்தார்கள். படம் பார்த்து நிலைகுலைந்த முன்னாள் வீரர்களுக்காக அமெரிக்க அரசு தொலைபேசி உதவி ஏற்பாடு செய்தது. ஆனால் இந்த உத்திகள் சீக்கிரமே வாய்பாடு ஆகிவிட்டன. கேமரா குலுங்கினால் நிஜம் என்று பின்னால் வந்தவர்கள் நம்பினார்கள்.

அதே ஒமாகாவில் 1944-ல் தானே இறங்கியவர் சாமுவேல் ஃபுல்லர். 'தி பிக் ரெட் ஒன்' (1980) படத்தில் இறந்தவன் மணிக்கட்டிலுள்ள கைக்கடிகாரத்துக்கு அவர் திரும்பத் திரும்ப வருகிறார். முள் நகர்ந்திருக்கிறது, சுற்றியுள்ள தண்ணீர் மேலும் சிவந்திருக்கிறது. செலவே இல்லாத காட்சி. ஸ்பீல்பெர்க்கின் இருபத்துச் சொச்ச நிமிடங்களுக்கு அது எவ்விதத்திலும் குறைந்ததல்ல.

ரத்தத்தின் அளவை வைத்து யதார்த்தத்தை அளப்பவர்கள் 'பிளாக் ஹாக் டவுன்' (2001) படத்தைக் கவனிக்க வேண்டும். மொகடிஷுவில் சாகும் அமெரிக்கனுக்கு முகம் உண்டு, பெயர் உண்டு, வலிக்கும் நேரம் உண்டு. சோமாலியர்கள் கூட்டமாக வந்து கூட்டமாக விழுகிறார்கள். இதைத் துல்லியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எலெம் கிளிமோவின் 'கம் அண்ட் ஸீ' (1985) என்னைப் பொறுத்தவரை இத்துறையின் உச்சம். திரைக்கதையில் பங்கேற்ற அலெஸ் அதமோவிச் பதின்வயதில் பெலாரஸ் கொரில்லாப் படையில் இருந்தவர். குண்டு வெடித்ததும் சிறுவன் ஃப்ளோராவின் காதில் எழும் ரீங்காரம் நம் காதிலும் நிற்கிறது. நாஜிகள் மக்களோடு சேர்த்து எரித்த 628 பெலாரஸ் கிராமங்களின் கதையை அவன் முகம் சுருங்கிக் கிழடாவதிலேயே காண்கிறோம்.

அலெக்ஸ் கார்லண்டும், ஈராக்கில் போரிட்ட ரே மென்டோசாவும் இயக்கிய 'வார்ஃபேர்' (2025) ரமாதியில் ஒரு வீட்டுக்குள் நடக்கிறது. காயப்பட்டவர்களின் அலறலை அது வெட்டவில்லை, இசையால் மூடவில்லை. கேட்டு முடிக்கச் சொல்கிறது. படை போன பின் நொறுங்கிய வீட்டில் மிஞ்சும் ஈராக்கியக் குடும்பத்தோடு மட்டும் கேமரா கொஞ்ச நேரமே தங்குகிறது. அங்கே இன்னும் தங்கியிருக்க வேண்டும்.