வளர்த்தெடுத்த ட்ரோன்

பறக்கும் எந்திரம் ஒன்றைச் செடிபோல வளர்த்தே எடுத்துவிட்டார்கள். 2014-இல் ஸ்டான்ஃபோர்டு, பிரவுன், ஸ்பெல்மன் கல்லூரி மாணவர்கள், நாசா ஏம்ஸ் மையத்தின் லின் ராத்ஸ்சைல்டு வழிகாட்ட உருவாக்கிய ட்ரோன் அது. அதன் உடல் காளானின் வேரிழை. அச்சில் பயிர்க் கழிவை நிரப்பிப் பூஞ்சையை விட்டால், வெள்ளை இழைகள் சக்கையைத் தின்றபடியே அதைப் பின்னிக் கட்டிவிடுகின்றன. சூடேற்றி உலர்த்தியதும் வளர்ச்சி நின்று, எடை குறைந்த, உறுதியான சட்டம் கையில் கிடைக்கிறது.

அதன்மேல் பாக்டீரியா உண்டாக்கிய செல்லுலோஸ் தோல். அதில் நீர் புகாமலிருக்க அவர்கள் நாடியது குளவியை! காகிதக் குளவி தன் கூட்டின்மேல் எச்சிலைப் பூசி மழையைத் தடுக்குமே, அந்த எச்சில் புரதத்தின் நகல்தான் பூச்சு. இந்த ஒரு யோசனைக்காகவே அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

விசிறியும் பேட்டரியும் வழக்கமான ட்ரோனுடையவை. ஆகவே முழுதும் மக்காது. ஆனாலும் பவளப்பாறையிலோ காட்டிலோ விழுந்து தொலையும் ட்ரோன் குப்பையாகத் தங்கக் கூடாது என்ற அக்கறை பெரிது. அவ்வாண்டு நவம்பரில் பாஸ்டனில் நடந்த ஐஜெம் என்னும் மாணவர் செயற்கை உயிரியல் போட்டியில் அந்த ட்ரோன் பறந்தும் காட்டியது.