பாடத்தெரிவும் அழைப்பும்

பல்கலைக்கழக மாணவர் ஒருவருக்குப் பாடத்தெரிவில் வழிகாட்டுவது அலுவலகப் பணியா, கற்பித்தற் பணியா? அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டு வெளிவந்த இரு கட்டுரைகள் இவ்வினாவிற்கு விடைகாண முற்பட்டன. ஒன்று டெரி ஓபேனியன் எழுதியது. மற்றது பர்ன்ஸ் குருக்ஸ்டன் எழுதியது. கல்வி ஆலோசனை பற்றி எழுதுவோர் இன்றும் இவ்விரண்டையும் அடிப்படையாகக் கொள்கின்றனர். இறையியல் நோக்கில் இவற்றை மதிப்பிடுவது நமக்குப் பயன் தரும்.

எல்லா மாணவரும் ஒரே பாடத்திட்டத்தைப் பயின்ற காலத்தில் இவ்வினா எழவில்லை. 1869 முதல் 1909 வரை ஆர்வர்டு பல்கலைக்கழகத் தலைவராயிருந்த சார்லஸ் எலியட் விருப்பப்பாட முறையைப் பெரிதும் விரிவாக்கினார். தெரிவுகள் பெருகவே வழிகாட்டுவோரின் தேவையும் பெருகிற்று.

ஓபேனியன் ஆலோசனையை ஐந்து படிகளாக வகுத்தார்: வாழ்க்கைக் குறிக்கோளை ஆராய்தல், தொழிற் குறிக்கோளை ஆராய்தல், படிப்புத் துறையைத் தெரிதல், பாடங்களைத் தெரிதல், பாடவேளைகளை அமைத்தல். இவ்வரிசையே அக்கட்டுரையின் சிறப்பு. நடைமுறையிலோ இது தலைகீழாகின்றது. பதிவு நாளின் நெருக்கடியில், இடம் எஞ்சியுள்ள பாடமே மாணவருடைய பாடமாகின்றது. பின்னர் அதுவே அவருடைய தொழிலையும் வாழ்வையும் வகுத்துவிடுகின்றது.

குருக்ஸ்டன், ஆலோசகருக்கும் மாணவருக்கும் இடையேயுள்ள உறவை ஆராய்ந்தார். மருத்துவர் நோயாளிக்கு மருந்து எழுதித் தருவதுபோல் விதித்துரைப்பது ஒரு வகை. மாணவரின் வளர்ச்சியை நோக்கி, இருவரும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்வது மற்றொரு வகை. பின்னதே கற்பித்தல் என்பது அவர் துணிபு. அதை நாமும் ஏற்கிறோம்.

எனினும் இவ்விரு கட்டுரைகளிலும் ஒரு குறை உண்டு. குறிக்கோள் மாணவரின் உள்ளத்திலேயே பிறந்து அவரிடமே நிறைவுறுவதாக இவை கொள்கின்றன. தொழிலைக் குறிக்கும் 'வொகேஷன்' என்னும் சொல், அழைத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்று வந்தது. அழைப்பு எனில் அழைப்பவர் உண்டு. பிறர்பொருட்டு அழைக்கப்படுதலும் உண்டு. துறவியின் பணிக்கு உழவனின் பணி தாழ்ந்ததன்று என்று லூத்தர் வற்புறுத்தியதும் அயலானுக்குச் செய்யும் தொண்டைக் கருதியே. எல்லாச் சமயத்தாரும் பயிலும் பல்கலைக்கழகம் நம் விசுவாசத்தை மாணவர்மேல் சுமத்தலாகாது. ஆனால், 'உம் கல்வியால் யார் பயன்பெறுவர்?' என்னும் வினா எவரிடமும் கேட்கத்தக்கதே.

இந்தியாவிலும் பல்கலைக்கழக மானியக் குழு 2015-16 கல்வியாண்டு முதல் விருப்பத்தெரிவுத் தரமதிப்பு முறையைப் பரவச் செய்தது. ஆதலின் இவ்வினா நம்முடையதுமாகும்.

இங்கு 1 சாமுவேல் 3ஆம் அதிகாரம் நமக்குத் துணைசெய்கின்றது. ஏலி, சாமுவேலுக்குப் பதிலாகத் தாமே முடிவு செய்யவில்லை; அவனைக் கைவிடவும் இல்லை. அழைப்பவர் யாரென உணர்ந்து, மறுமொழி கூறும் வகையைக் கற்பித்து, அவனை மீண்டும் அனுப்பினார். விடிந்தபின், தம் குடும்பத்திற்கு எதிரான வார்த்தையையும் மறைக்காமல் கூறும்படி கேட்டார். ஆலோசகருக்குரிய கடினமான தகுதி இதுவே. குருக்ஸ்டன் கூறும் பொறுப்புப் பகிர்வு இவ்வளவு தூரம் செல்லவில்லை.

நம் இறையியற் கல்லூரிகளும் இச்சோதனைக்கு உட்பட்டவையே. திருமண்டலத்தின் உதவியோடு பயிலும் மாணவர் ஒருவர், குருத்துவப் பணி தம் அழைப்பன்று என்று நம்மிடம் கூறும் நாள் வரலாம். அன்று நாம் திருமண்டலத்தின் செலவை எண்ணிப் பேசுவோமா, ஏலியைப்போல் செவிகொடுப்போமா? நாம் ஆலோசகரா, பதிவு எழுத்தரா என்பது அன்று விளங்கும்.