பத்து மணி நேர வெளிச்சம்

செப்டம்பர் நடுவில் இங்கிலாந்தின் ஒரு வீட்டுத் தோட்டத்துப் பாலிடனலுக்குள், அதாவது பாலித்தீன் குடிலுக்குள், போனால் முதலில் கண்ணில் படுவது முடிந்துபோன கோடைதான். தக்காளிச் செடிகளின் அடியிலைகள் பழுத்துவிட்டன. கடைசிக் குலைகள் சிவக்கத் தயங்குகின்றன. வெள்ளரி இலைகளில் சாம்பல் நோய் படர்ந்திருக்கிறது. குளிர்காலக் கீரை வளர்க்கும் கலையில் ருசி கண்டவர் அங்கே நிற்பதில்லை. கதவோரப் பலகையில் அடுக்கியிருக்கும் குழித்தட்டுகளைத் தேடிப் போவார். அவற்றில் கட்டைவிரல் நகத்தளவில் லெட்யூஸ், கடுகுக்கீரை, மிசுனா, ஸ்பினாச் நாற்றுகள் நிற்கும். அடுத்த ஆறு மாதத்துக்கு அந்த வீட்டுக்கு வரப்போகும் கீரை முழுவதும் அந்தத் தட்டுகளில்தான் இருக்கிறது.

தோட்டக்கலையின் எல்லாப் பருவங்களிலும் இலையுதிர்காலத்தையே நான் உச்சியில் வைப்பேன். கோடையில் வெயில் பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். யார் நட்டாலும் ஏதாவது காய்க்கும். செப்டம்பர் தாண்டியதும் அந்தத் துணை தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப்போகிறது. அதன்பின் செடியைக் காப்பாற்றுவது தோட்டக்காரரின் கணக்கு ஒன்றுதான்.

அந்தக் கணக்கு குளிரைப் பற்றியது என்றே பலரும் நினைக்கிறார்கள். அது வெளிச்சத்தைப் பற்றியது. லண்டன் 51.5 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. செப்டம்பர் கடைசியில் அங்கே பகல் தினமும் ஏறத்தாழ 4 நிமிடம் குறைகிறது. அக்டோபர் முடியும் முன்பே பகல் 10 மணி நேரத்துக்குக் கீழே இறங்கிவிடும். மறுபடி அந்த அளவை எட்டுவது பிப்ரவரி நடுவில்தான். டிசம்பர் 21 அன்று நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகைதான் ஏறுகிறது. அன்றைய பகல் 8 மணி நேரம்கூட இருக்காது. சென்னையில் ஆண்டின் மிகக் குறுகிய பகலே 11 மணி நேரத்துக்கு மேல் என்பதால், இப்படிப் பயிரையே நிறுத்திவைக்கும் இருட்டை நம் ஊர் உழவர் பார்த்ததில்லை.

பகல் 10 மணி நேரத்துக்குக் குறைந்தால் பெரும்பாலான கீரைகளின் வளர்ச்சி கண்ணுக்குத் தெரியாத வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. செடி சாவதில்லை. இருந்தபடியே இருக்கிறது. இந்த எல்லைக்கோட்டை வீட்டுத் தோட்டக்காரர்களுக்குப் புரியவைத்தவர்களில் முதன்மையானவர் எலியட் கோல்மன். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் ஹார்பர்சைடு என்ற கடலோர ஊரில் 1968இல் நிலம் வாங்கிப் பண்ணை அமைத்தவர். ‘ஃபோர் சீசன் ஹார்வெஸ்ட்’ (1992), ‘த விண்டர் ஹார்வெஸ்ட் ஹேண்ட்புக்’ (2009) ஆகிய நூல்களில் தன் முறையை விரித்து எழுதினார். 10 மணி நேரத்துக்குக் குறைவான அந்த நாட்களை அவர் பெர்செபொனி நாட்கள் என்கிறார். கிரேக்கப் புராணத்தில் விளைச்சலின் தெய்வமான டிமீட்டரின் மகள் பெர்செபொனி. அவள் பாதாளத்தில் தங்கும் மாதங்களில் தாயின் துயரத்தால் பூமியில் எதுவும் விளையாது.

கோல்மனின் பண்ணையில் குளிர் லண்டனைவிட மிகக் கடுமையானது. ஆனால் அந்த இடம் 44 பாகைக்குச் சற்று மேலே, கிட்டத்தட்ட தெற்குப் பிரான்சின் அவின்யோன் நகருக்கு நேராக இருக்கிறது. அதனால் அங்கே இருண்ட நாட்கள் நவம்பர் தொடக்கத்தில் வந்து பிப்ரவரி தொடக்கத்தில் போய்விடுகின்றன. பனி உறைந்த மேய்னில் கணப்பு ஏதும் இல்லாத குடிலுக்குள் குளிர்காலம் முழுவதும் கீரை பறிக்கிறார்கள் என்ற செய்தியின் பின்னால் இருப்பது இந்த வெளிச்சம்தான். அவரும் மனைவி பார்பரா டாம்ரோஷும் அதே அட்சக்கோட்டைப் பிடித்துக்கொண்டு பிரான்சின் குளிர்காலத் தோட்டங்களைப் பார்த்துவந்ததும் இதைத் தெரிந்துகொள்ளத்தான்.

குளிர்காலத்தில் வளராது என்றால், குளிர்காலத்தில் தின்ன வேண்டியதை அதற்கு முன்பே வளர்த்துவிட வேண்டும். இந்தக் கலையின் முழு அழகும் இந்த ஒரு வரிக்குள் அடங்கியிருக்கிறது. நவம்பருக்குப் பிறகு பாலிடனல் உயிருள்ள குதிர். அதை நிரப்பும் காலம் ஆகஸ்டும் செப்டம்பரும் அக்டோபரும்தான். நம் ஆடிப்பட்டம் மழையைப் பார்த்து வைத்த பட்டம். இங்கே பட்டம் வெளிச்சத்தைப் பார்த்துப் பிடிக்கப்படுகிறது. பார்ஸ்லியும் சார்டும் ஜூலையில் விதைக்கப்படும். ஸ்பினாச்சும் கொத்தமல்லியும் ஆகஸ்டில். லெட்யூஸ், கடுகு, ராக்கெட் கீரை, மிசுனா ஆகியவை செப்டம்பர் முதல் இரண்டு வாரங்களில். அக்டோபர் தொடக்கத்தில் எல்லாம் மண்ணில் நட்டாக வேண்டும். செப்டம்பரில் பத்து நாள் பிந்திய விதைப்பு, பறிப்பை நவம்பரிலிருந்து பிப்ரவரிக்கே தள்ளிவிடக்கூடும். முந்தி விதைத்தாலும் ஆபத்து உண்டு. முற்றிய பெரிய லெட்யூஸ் உறைபனியில் அழுகிவிடும். பாதி வளர்ந்த செடிதான் குளிரை நன்றாகத் தாங்கும். முற்றாமலும் குறுகாமலும் சரியான வயதில் செடியைக் கொண்டுபோய் இருட்டின் வாசலில் நிறுத்துவதுதான் தேர்ச்சி.

குடிலும் ரசிக்கத்தக்கதுதான். துத்தநாகம் பூசிய இரும்பு வளைவுகள், மேலே ஒற்றைத் தாளாகப் பாலித்தீன், அதன் ஓரங்களைப் புதைக்க இருபுறமும் வாய்க்கால். அவ்வளவே. தாளைப் போர்த்துவதற்கு வெயிலடிக்கும் காற்றில்லாத நாளைத் தேர்ந்தெடுப்பார்கள். சூட்டில் இளகிய தாளை இழுத்துப் புதைத்தால், குளிர்ந்ததும் சுருங்கித் தட்டினால் ஒலிக்கும் அளவுக்கு விறைத்துக்கொள்ளும். தொய்வில்லாத தாள் காற்றில் படபடக்காது, கிழியாது, பல ஆண்டு உழைக்கும். பாலித்தீன் 1933இல் இங்கிலாந்தின் நார்த்விச்சில் ஒரு வேதிச் சோதனையின் நடுவே தற்செயலாகக் கிடைத்த பொருள். 1948இல் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தின் எமரி எம்மர்ட் கண்ணாடியின் விலைக்கு அஞ்சி மரச்சட்டத்தில் செலோஃபேன் ஒட்டிக் குடில் அமைத்தார். அந்த வழியில்தான் பாலித்தீன் தோட்டத்துக்குள் வந்தது. பணக்காரர் வீட்டுக் கண்ணாடி மாளிகைக்குள் இருந்த குளிர்காலக் கீரையைச் சாதாரண வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுவந்தது இந்தத் தாள்.

கணப்பு இல்லாத குடில் இரவில் வெளியைவிட அதிக வெதுவெதுப்பாக இருக்காது. மேகமற்ற இரவில் மண்ணிலிருந்து எழும் வெப்பக் கதிர்கள் வெறும் பாலித்தீனை எளிதாகக் கடந்து வெளியேறிவிடும். அந்த வெப்பத்தைக் கொஞ்சம் தடுத்துவைப்பது தாளின் உட்புறத்தில் படியும் நீர்ப்படலம்தான். செடிக்குக் குடில் செய்யும் பெரிய உதவி காற்றையும் மழையையும் தடுப்பது. ஈரமும் காற்றும் சேர்ந்து அடிக்காதபோது இலை வியக்கத்தக்க குளிரைத் தாங்குகிறது. அதற்கும் மேலே கோல்மன் ஒரு எளிய ஏற்பாட்டைச் சேர்த்தார். குடிலுக்குள் பாத்திகளின் மேல் ஓரடி உயரத்தில் கம்பி வளைவுகள் வைத்து, மெல்லிய நெய்யாத்துணியை விரித்தார். ஒவ்வொரு போர்வையும் பயிரை 500 மைல் தெற்கே நகர்த்துவதற்குச் சமம் என்பது அவருடைய கணக்கு. இரண்டு போர்வைக்குள் இருக்கும் ஸ்பினாச் ஆயிரம் மைல் பயணம் செய்துவிட்டது.

இதே எண்ணத்தை 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸின் காய்கறித் தோட்டக்காரர்கள் வேறு பொருட்களைக் கொண்டு செய்தார்கள். நகரத்தின் குதிரைச் சாணம் நொதித்துத் தரும் சூட்டின் மேல் பாத்தி, செடியின் மேல் மணி வடிவக் கண்ணாடி மூடி, உறைபனி இரவுகளில் அதன் மேல் வைக்கோல் பாய். மோரோவும் தவேர்னும் 1845இல் வெளியிட்ட கையேடு அந்த முறைகளைப் பதிந்துவைத்திருக்கிறது. மோட்டார் வண்டிகள் வந்து குதிரைகள் மறைந்ததும் அந்தச் சூடும் மறைந்தது. பாத்தியை அடியிலிருந்து சூடாக்காமல், குளிரைத் தாங்கும் பயிரைத் தேர்ந்து நாளைச் சரியாகப் பிடித்தால் போதும் என்பது இன்றைய முறை. அதன் சிக்கனம் எனக்கு மிகவும் பிடித்தது.

அக்டோபரின் முதல் வாரம் இந்தக் கலையின் துணிச்சலான வாரம். தக்காளியில் இன்னும் பச்சைக் காய்கள் தொங்கும். இன்னும் பத்து நாள் விட்டால் நாலு பழுக்குமே என்று மனம் இழுக்கும். கைதேர்ந்தவர் வெட்டிவிடுவார். காய்களை வீட்டுக்குள் பழுக்கவைக்கலாம், போன வெளிச்சத்தை மீட்க முடியாது. தண்டை மண் மட்டத்தில் அறுத்து வேரை உள்ளேயே மக்க விடுவார்கள். கோடை முழுதும் மழை காணாத மண் ஆழத்தில் வறண்டிருக்கும். ஆகவே நடுவதற்கு முன் தாராளமாக நீர் பாய்ச்சி, மேலே மக்கிய உரத்தைப் பரப்புவார்கள். அதன்பின் குளிர்காலத்தில் நீர் கொடுப்பது மிகக் குறைவு. கொடுத்தாலும் காலையில்தான், இலை நனையாமல். தாளை உள்ளும் புறமும் சோப்பு நீரால் கழுவிப் பாசியை அகற்றுவதும் இந்த வாரத்தில்தான். வெளிச்சம் அரிதாகும் காலத்தில் அழுக்குத் தாள் அதிலும் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

இனி பயிர்களுக்கு வருவோம், ருசி அங்கேதான் இருக்கிறது. ‘விண்டர் டென்சிட்டி’ லெட்யூஸின் இலை தடித்து மொறுமொறுப்பாக இருக்கும். லாம்ப்ஸ் லெட்யூஸ் தரையோடு ஒட்டிய சிறு கொத்து. ஐரோப்பியக் கோதுமை வயல்களில் களையாக முளைத்த அது, வாயில் போட்டால் பருப்பின் மணத்தோடு மென்மையாகக் கரையும். கிளேட்டோனியா வட அமெரிக்காவின் மேற்குக் கரைச் செடி. கலிபோர்னியாவில் தங்கம் தேடிப் போனவர்கள் ஸ்கர்வி வராமல் தின்றது. வட்ட இலையின் நடுவைத் துளைத்துக்கொண்டு தண்டு மேலே போய், உச்சியில் சிறு வெள்ளைப் பூவை ஏந்தும். கியோட்டோவின் மிசுனா இழை இழையாகக் கிழிந்த இலை, கடுகின் காரம் மெல்லத் தொட்டுச் செல்லும். சிவப்புக் கடுகு மூக்கில் ஏறும். கொத்தமல்லியை இங்கே சொல்லாமல் விட முடியாது. இங்கிலாந்தின் நீண்ட கோடைப் பகலில் அது நாலு இலை விட்டதும் பூத்துவிடும். ஆகஸ்டில் விதைத்துக் குடிலுக்குள் வைத்தால், குறுகும் பகலில் பூக்க மறந்து, இலையாகவே தழைக்கும். ரசத்தின் மேல் தூவக் கொத்தமல்லி தேடும் தமிழ் வீடுகளுக்கு அந்த நாட்டில் இதைவிட நல்ல பருவம் இல்லை.

இந்தப் பலவகைக் கீரை மரபை பிரிட்டனுக்குக் கொண்டுவந்ததில் ஜாய் லார்க்கம் என்ற எழுத்தாளருக்குப் பெரும் பங்கு உண்டு. 1976இல் கணவரோடும் இரண்டு குழந்தைகளோடும் வண்டிவீட்டில் கிளம்பி, ஓராண்டு ஐரோப்பாவைச் சுற்றி உள்ளூர்க் காய்கறிகளையும் விதைகளையும் தேடினார். ‘த சாலட் கார்டன்’ (1984), ‘ஓரியன்டல் வெஜிடபிள்ஸ்’ (1991) ஆகிய அவருடைய நூல்கள் வந்தபின், வெட்ட வெட்டத் துளிர்க்கும் கீரைப் பாத்தி பிரிட்டிஷ் வீட்டுத் தோட்டத்தின் வழக்கமானது.

நவம்பரில் முதல் கடும் உறைபனி விழும் காலையில் குடிலுக்குள் பார்க்கிறவர் பயந்துபோவார். ஸ்பினாச் இலைகள் தரையில் சரிந்து, கண்ணாடிபோல் விறைத்துக் கிடக்கும். அப்போது தொடக்கூடாது, விரல் பட்ட இடம் நசுங்கிவிடும். செல்களுக்கு இடைப்பட்ட இடத்தில் நீர் உறைந்திருக்கிறது. செல்லுக்குள்ளிருந்து நீர் வெளியேறிவிட்டதால் உள்ளே பனிக்கட்டி உருவாகவில்லை. முற்பகல் வெயில் பட்டதும் நீர் திரும்பிச் செல்லுக்குள் போகும், இலை மெல்ல எழுந்து நிற்கும். அதன்பின் பறிக்கலாம். குளிரை எதிர்கொள்ளச் செடி தன் மாச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்வதால் இந்த இலைகள் இனிக்கின்றன. ஆகஸ்ட் தொடக்கத்தில் விதைத்து, குளிர்காலத்தில் குடில் மண்ணிலிருந்து பிடுங்கும் கோல்மனின் கேரட்டுகளுக்கு மிட்டாய் கேரட் என்றே பெயர் வந்துவிட்டது. செடி தன்னைக் காத்துக்கொள்ளச் செய்துகொண்ட ஏற்பாடு நமக்கு விருந்தாகிறது.

குளிரைவிட ஈரப்புழுக்கம்தான் இந்தக் குடிலின் நோய். அதனால் நல்ல தோட்டக்காரர் நவம்பரிலும் வெயில் வந்தால் இரு முனைக் கதவுகளையும் திறந்துவிடுவார். லெட்யூஸில் வெளியிலைகளை மட்டும் விரலால் கிள்ளி, குருத்தை விட்டுவிடுவார். பழுத்த இலை ஒன்றும் மண்ணில் கிடக்க விடமாட்டார், சாம்பல் பூஞ்சை அங்கிருந்துதான் கிளம்பும். செடிக்கும் செடிக்கும் இடையே காற்று நடக்க இடம் விட்டிருப்பார். அவசரமில்லாத இந்தச் சிறு கைவேலைகள்தான் இலைகளை மார்ச் வரை கொண்டுபோகின்றன.

ஒரு குளிர்காலக் குடிலை மதிப்பிட எவ்வளவு பச்சை தெரிகிறது என்று பார்க்க வேண்டியதில்லை. தாள் துலக்கமாக இருக்கிறதா, மண்ணின் மேல்பரப்பு உலர்ந்தும் அடி ஈரமாகவும் இருக்கிறதா, செடிகள் அவற்றுக்குரிய வயதில் நிற்கின்றனவா என்று பார்த்தால் போதும். மூன்றும் அமைந்திருந்தால், அந்தத் தோட்டக்காரர் ஆகஸ்டிலேயே டிசம்பரைப் பார்த்துவிட்டார் என்று பொருள். இதில் இறங்க நினைப்பவர் வெப்பமானி வாங்கும் முன் தன் ஊரின் சூரிய உதய, அஸ்தமன அட்டவணையை எடுத்து, பகல் 10 மணி நேரத்துக்குக் குறையும் நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும். அங்கிருந்து ஒவ்வொரு பயிருக்கும் வேண்டிய வாரங்களைப் பின்னோக்கி எண்ணி விதை போட வேண்டும். கணக்கு சரியாக இருந்தால் மற்றதை அந்த மெல்லிய தாளே பார்த்துக்கொள்ளும்.