இடித்துரையும் சிறுசொல்லும்: அரசியல் உரையாடலில் நாகரிகத்தின் இடம்

ஆய்வுச்சுருக்கம்

அரசியல் மேடைகளில் தனிமனிதத் தாக்குதல் பெருகும்போது, தமிழ் மரபு இன்சொல்லையே வலியுறுத்தியது என்னும் கருத்து அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. இக்கருத்து முழுமையானதன்று என்பதைப் புறநானூற்றுப் பாடல்கள் சிலவற்றையும் திருக்குறளின் பொருட்பாலையும் கொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: இடித்துரை, சிறுசொல், அங்கதம், செவியறிவுறூஉ, நாகரிகம்

முன்னுரை

அரசியல் நாகரிகம் குறித்த கட்டுரைகளில் ‘இனியவை கூறல்’ அதிகாரம் தவறாது இடம்பெறுகிறது. அவ்வதிகாரம் அறத்துப்பாலின் இல்லறவியலில் அமைந்துள்ளது. விருந்தோம்பலை அடுத்து வரும் அது, இல்வாழ்வான் பிறரொடு பழகும் முறையைக் கூறுகிறது. ஆட்சியாளனிடம் பேச வேண்டிய சொல்லுக்கு அதனையே அளவுகோலாக்கினால், கடுமையான விமர்சனம் அனைத்தும் பண்பற்றதாகிவிடும். எனவே அரசியல் சொல்லின் அறத்தை அரசியல் பேசும் பாடல்களிலேயே தேடுதல் தகும்.

இருவகைப் பழிச்சொற்கள்

தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனின் வஞ்சினப் பாடல் (புறம். 72) இவ்வகையில் தனிக்கவனம் பெறத்தக்கது. பகைவேந்தர் அவனை இளையன் என்று எள்ளினர். அச்சொல்லைப் பாடல் ‘சிறுசொல்’ என்று குறிக்கிறது. அது அவனது ஆட்சியைப் பற்றியதன்று, வயதைப் பற்றியது. அதற்கு அவன் தரும் விடை போர்.

அதே பாடலில் அவன் வேறொரு பழிச்சொல்லையும் எண்ணிப் பார்க்கிறான். பகைவரை வெல்லத் தவறினால், குடிமக்கள் தன்னைக் கொடியன் எனத் தூற்றட்டும் என்றும், மாங்குடி மருதன் தலைமையிலான புலவர் தன் நாட்டைப் பாடாது நீங்கட்டும் என்றும் சூளுரைக்கிறான். பகைவரின் ஏளனம் சினத்தைத் தூண்டுகிறது. குடிகளின் பழியோ அவன் தனக்குத்தானே விதித்துக்கொள்ளும் தண்டனையாகிறது. ஒருவரது இயல்பை இகழும் சொல்லும், செயலைப் பழிக்கும் சொல்லும் ஒரே பாடலுக்குள் வேறுவேறு மதிப்புப் பெறுவதை இங்குக் காணலாம்.

கடுமையும் கண்ணியமும்

செயலைப் பழிக்கும் சொல் மென்மையாக இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஆவூர் முற்றுகையின்போது கோட்டைக்குள் அடைந்து கிடந்த நெடுங்கிள்ளியிடம் கோவூர்கிழார் பேசும் பாடல் (புறம். 44) இதற்குச் சான்று. உணவின்றி முழங்கும் யானைகள், பாலின்றி அழும் குழந்தைகள், பூவின்றி முடிக்கும் மகளிர், நீரின்றித் தவிக்கும் மனைகள் ஆகியவற்றை அவர் முதலில் அடுக்குகிறார். பின்னர், அறவழியைக் கொள்வதாயின் நகரை ஒப்படைத்துக் கதவைத் திற, மறவழியைக் கொள்வதாயின் போரிடத் திற என்கிறார். இரண்டும் இன்றி மதிலுக்குள் ஒடுங்கியிருத்தல் நாணத்தக்கது என்று முடிக்கிறார். வேந்தனின் முகத்துக்கு நேரே இதனினும் கடுமையாகப் பேசுதல் அரிது. ஆயினும் பாடலில் அவனது பிறப்போ உருவோ இல்வாழ்வோ பேசப்படவில்லை. அரசனின் செயலின்மையும் அதனால் விளைந்த துன்பமுமே குற்றச்சாட்டாகின்றன.

கிள்ளிவளவனிடம் வெள்ளைக்குடி நாகனார் பாடியது (புறம். 35) இம்முறையின் பயனைக் காட்டுகிறது. மழை பொய்த்தாலும் விளைவு குன்றினாலும் உலகம் அரசனையே பழிக்கும் என்று அவர் உணர்த்துகிறார். உழவரைக் காக்குமாறு வேண்டுகிறார். அவர் நிலவரியிலிருந்து விடுபெற்றதைப் பாடலின் அடிக்குறிப்பு தெரிவிக்கிறது.

வசைக்குத் தமிழ் இலக்கணம் இடம் தரவில்லை என்றும் கூற இயலாது. தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என இருவகைப்படுத்துகிறது. வசையை அறிந்து வகைசெய்த மரபே, அரசனுக்கு அறிவுறுத்தும் செவியறிவுறூஉவை வேறாக வைத்தது என்பது நோக்கத்தக்கது.

கேட்போர் கடமை

நாகரிகம் என்பது பேசுவோர்க்கு மட்டும் உரிய கடமையாக இன்று கருதப்படுகிறது. திருக்குறளின் பொருட்பால் இதற்கு மாறான பார்வையைத் தருகிறது. செவி கைக்கும் சொல்லையும் பொறுக்கும் வேந்தனின் குடைக்கீழ் உலகு தங்கும் என்கிறது ‘இறைமாட்சி’ (389). இடித்துரைப்பாரைப் பெறாத மன்னன், கெடுப்பார் இல்லாமலே கெடுவான் என்கிறது ‘பெரியாரைத் துணைக்கோடல்’ (448). ‘நாகரிகம்’ என்னும் சொல் இடம்பெறும் குறளும் (580) பிறர் தருவதை ஏற்பவனின் பண்பையே பேசுகிறது. ஆகவே அதிகாரம் உடையோர், தம்மை நோக்கிய இடித்துரையை நாகரிகமற்றது என ஒதுக்க இந்நூலில் ஆதரவு காண இயலாது.

இப்பொறுமை அரசனுக்கு விதிக்கப்பட்டது என்பதும் மறக்கத்தக்கதன்று. பொதுவாழ்வுக்கு வரும் பெண்களும் ஒடுக்கப்பட்டோரும் தம் பிறப்பையும் ஒழுக்கத்தையும் இகழும் சொற்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று இக்குறள்களை அவர்கள்மேல் சுமத்துதல் பொருந்தாது.

தற்காலச் சான்று

1953இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக்கல்வி மாற்றத்தை எதிர்த்தோர் அதனைக் ‘குலக்கல்வித் திட்டம்’ என்றனர். அப்பெயர் கடுமையானது, எனினும் அது திட்டத்தின் விளைவைச் சுட்டியது. 1954இல் இராஜாஜி பதவி விலகினார். காமராசர் ஆட்சியில் திட்டம் கைவிடப்பட்டது. இராஜாஜியின் பிறப்பைச் சுட்டிய வசைகளும் அக்காலத்தில் எழுந்தன. சாதி அதிகாரத்தை அம்பலப்படுத்துதல் வேறு; ஒருவரது பிறப்பையே குற்றமாக்குதல் வேறு. பிறப்பால் தொழிலை வரையறுத்தலை எதிர்த்தவர் பிறப்பால் மனிதரை மதிப்பிட்டபோது, தாம் எதிர்த்த அளவுகோலையே கையில் எடுத்தனர்.

முடிவுரை

அரசியல் சொல்லின் நாகரிகத்தை அதன் மென்மையால் அளத்தல் பிழை. அது எதனைக் குறிவைக்கிறது, யாரை நோக்கிச் செல்கிறது என்பவையே உரிய அளவுகோல்கள். தனிமனித இகழ்ச்சி, கேட்போர் கவனத்தைச் செயலிலிருந்து ஆளுக்குத் திருப்பி, பதில் சொல்லும் பொறுப்பிலிருந்து ஆள்வோரை விடுவித்துவிடுகிறது. கோவூர்கிழாரின் கேள்வி நெடுங்கிள்ளிக்கு அத்தகைய விடுதலையைத் தரவில்லை. கதவைத் திறப்பதா, போரிடுவதா என்பதற்கு அவன் விடை கூறியே தீர வேண்டியிருந்தது.